ரெமிஜியஸ் சாக்கில் போட்ட உருளைக்கிழங்கு

பாபநாசத்துக்குப் பக்கத்து ஊர்க்காரர் ரெமிஜியஸ். மீசை அரும்பிய வயதில் துபாய்க்குப் போனவர், தலை நரைத்தபின் 2001-இல் ஒரேயடியாகத் திரும்பி வந்தார். அங்கே ஒரு லேபர் கேம்ப்பில் நூற்றுக்கணக்கான பேருக்குச் சமைத்துப்போட்டவர். இடையில் ஊருக்கு வந்ததெல்லாம் லீவில்தான். லீவில் வருகிறவர் விருந்தாளி மாதிரி. வயல், வீடு, மகன் கிளாட்சனின் படிப்பு எல்லாவற்றையும் மனைவி விண்ணரசிதான் பார்த்துக்கொண்டாள். மகனும் கம்ப்யூட்டர் வேலைக்குச் சென்னை போய்விட்டான். விண்ணரசி காலையில் வயலுக்குக் கிளம்பிவிட்டால் ரெமிஜியஸுக்குப் பொழுதே போகாது. அடுப்படிப் பக்கம் போனாலும், "அங்க வெந்தது போதும், ரெஸ்ட் எடுங்க" என்று விரட்டிவிடுவாள்.

ஒருநாள் உருளைக்கிழங்கு நறுக்கிக்கொண்டே கேட்டாள்.

"ஏங்க, மூட்டை மூட்டையா தோல் சீவுனீங்களே, இதோட செடி எப்படி இருக்கும்?"

ரெமிஜியஸ் யோசித்துப் பார்த்தார். "நான் எங்க கண்டேன்? மூட்டையாத்தான் வரும்."

விண்ணரசிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அரிவாள்மணையை விட்டு எழுந்துபோய்ச் சிரித்தாள்.

மறுநாளே முளைவிட்ட கிழங்குகளைக் கூடையிலிருந்து பொறுக்கி, கொல்லைக் களிமண்ணில் புதைத்தார். ஐப்பசி மழை விடாமல் கொட்டியது. கிழங்கெல்லாம் அழுகி நாற்றமெடுத்தது. வேலிக்கு அந்தப் பக்கமிருந்து செல்லதுரை மூக்கைப் பொத்திக்கொண்டார்.

"அண்ணே, இது நெல்லு பூமி. கிழங்கு வேணும்னா மலைக்குப் போங்க!"

செல்லதுரை கிண்டலுக்குச் சொன்னதை ரெமிஜியஸ் அப்படியே பிடித்துக்கொண்டார். மேட்டுப்பாளையத்துக்கு பஸ் ஏறிப்போய், நல்ல விதைக்கிழங்கு வாங்கி வந்தார். தண்ணீர் தேங்கவே கூடாது என்று கடைக்காரர் சொல்லி அனுப்பியிருந்தார். அதனால் அரிசிச் சாக்குகளின் அடியில் ஓட்டை போட்டு, ஆற்று மணலும் மக்கிய சாணமும் கலந்து பாதிவரை நிரப்பினார். துண்டுக்கு இரண்டு முளையாவது இருக்கும்படி கிழங்கை வெட்டி, வெட்டுவாயில் சாம்பல் தடவிக் காயவைத்தார். மழை ஓய்ந்து மார்கழிக் குளிர் தொடங்கியதும் நட்டார்.

செடி வளர வளர மண்ணை அணைத்துக்கொண்டே வந்தார். தைக்குள் சாக்கு நிறையப் பச்சை. ஆனால் உள்ளே கிழங்கு இருக்கிறதா என்று தெரியாமல்தான் அவருக்குத் தாளவில்லை. ஒருநாள் தோள்வரை கையைவிட்டுத் துழாவிக்கொண்டிருந்தவரை விண்ணரசி பிடித்துவிட்டாள்.

"என்ன பண்றீங்க?"

"சும்மா... எறும்பு இருக்கான்னு பார்த்தேன்."

"புள்ளத்தாச்சி வயித்த அமுக்கிப் பார்க்குற மாதிரில்ல இருக்கு! கையை எடுங்க முதல்ல."

மாசியில் இலைகள் மஞ்சளாகிச் சாய்ந்தன. ரெமிஜியஸுக்கு முகம் வாடிப்போயிற்று. "போச்சு, அரசி" என்றார். விண்ணரசி ஒரு சாக்கைப் பிடித்துக் கவிழ்த்தாள். மணலோடு பொலபொலவென்று கிழங்குகள் உருண்டன. கோழிமுட்டை அளவில் சில, கைக்கு அடங்காமல் சில. வேலியைத் தாண்டி ஓடிவந்த செல்லதுரை, ஒன்றைக் கையில் எடுத்து முகர்ந்தே பார்த்தார்.

தவக்காலம் என்பதால் வீட்டில் மீன், கறி கிடையாது. "இன்னைக்கு நீ அடுப்படிக்கு வரக்கூடாது" என்று ரெமிஜியஸ் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டார். சோம்பும் மிளகும் அரைத்துப்போட்டுக் கிழங்கை வறுத்தார். சோறு வடித்தார், ரசம் வைத்தார். விண்ணரசி இலைமுன் உட்கார்ந்தபிறகுதான் இருவருக்குமே உறைத்தது. ஊர் பேர் தெரியாதவர்களுக்கெல்லாம் ஆக்கிப்போட்டவர், கட்டிய மனைவிக்கு ஒருநாளும் சமைத்ததில்லை.

அவள் ஒரு வாய் சாப்பிட்டாள். இன்னொரு வாய் சாப்பிட்டாள். பிறகு இலையைக் காட்டி, "இன்னும் கொஞ்சம் வைங்க" என்றாள். அவர் சட்டியோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார்.

அன்றிலிருந்து மதியச் சாப்பாடு அவர் பொறுப்பு. வயலில் வேலை நடக்கும் நாட்களில் தூக்குச்சட்டியோடு வரப்பில் நடந்து வருவார். நடவுப் பெண்கள், "துபாய் ஓட்டல் வருது!" என்று கத்துவார்கள்.

அடுத்த கார்த்திகையில் விதைக்கிழங்கு வாங்க இருவருமாகவே பஸ் ஏறினார்கள். திருச்சிக்கு மேற்கே விண்ணரசி போவது அதுதான் முதல் தடவை. வந்ததே வந்தோம் என்று ஊட்டிக்கும் போய், குளிரில் ஒரே சால்வையைப் போர்த்திக்கொண்டு, மலைச்சரிவில் உருளைக்கிழங்குச் செடிகள் வரிசை வரிசையாக நிற்பதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.