றெஜினோல்டின் கல்லறைப் படம்

பிராங்பேர்ட் விமான நிலையத்தில் பெட்டிகள் ஏற்றி இறக்கும் டக்ளஸ், 2007ஆம் ஆண்டு மாசி மாதம் பத்து நாள் உர்லாப், அதாவது விடுமுறை, கேட்டு எழுதிக் கொடுத்தார். எந்த ஊருக்கு என்று மேற்பார்வையாளர் விசாரித்தார். மாலியின் தலைநகரம் பமாக்கோ என்றதும், "சுற்றிப் பார்க்கவா?" என்று வியப்போடு கேட்டார். ஆமென்று டக்ளஸ் தலையாட்டினார்.

அந்த நகரத்தில் அவர் ஏற்கெனவே ஏழு மாதம் இருந்தவர். 1996இல், ஜெர்மனிக்குக் கூட்டிப்போவதாகச் சொன்ன ஏஜென்சிக்காரன், மன்னார் பேசாலையிலிருந்து வந்த அவரையும் இன்னும் பத்துப் பேரையும் அங்கே ஒரு வீட்டில் வைத்துப் பூட்டினான். வெளியே தலை காட்டினால் பொலிஸ் பிடிக்கும் என்றான். பக்கத்தில் நைஜர் ஆறு ஓடுகிறது என்று கேள்விப்பட்டதோடு சரி. ஐந்தாம் மாதம், அடுத்த பாயில் படுத்திருந்த ஊர்க்காரர் றெஜினோல்டுக்குக் காய்ச்சல் வந்தது. நான்காம் நாள் உயிர் போய்விட்டது. யாரோ இரண்டு பேர் வந்து உடலைத் துணியில் சுற்றி வான் வண்டியில் ஏற்றிப் போனார்கள். எங்கே கொண்டுபோகிறார்கள் என்று சொல்லவில்லை.

ஜெர்மனிக்கு வந்து சேர்ந்ததும் டக்ளஸ் றெஜினோல்டின் மனைவி லூர்தம்மாவுடன் தொலைபேசியில் பேசினார். அந்த அழுகையைக் கேட்டபின் உண்மையைச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.

"கோயில் சுவாமி வந்து செபிச்சவர் அக்கா. ஆத்தங்கரைச் சேமக்காலையில வடிவா அடக்கம் செய்தனாங்கள். நானும் நிண்டனான்."

பத்து வருடம் கழித்து, மார்கழியில் லூர்தம்மா அழைத்தார். "தம்பி, பாஸ்காத் திருநாளுக்குப் பிறகு மகளுக்குக் கலியாணம். அதுக்கு முதல் அப்பாவின்ர கல்லறையைப் படத்திலயாவது பாக்கோணுமெண்டு நிக்கிறாள். ஆரிட்டயாவது சொல்லி எடுப்பிக்க ஏலாதோ?"

டக்ளஸின் மனைவி டெல்சிக்கு எல்லாம் தெரியும். "இஞ்ச ஒரு சேமக்காலையில பேரில்லாத சிலுவை ஒண்டைப் படமெடுத்து அனுப்புங்கோவன். ஆருக்குத் தெரியப்போகுது?" என்றாள்.

"ஏலாது டெல்சி. நான் போறன்."

ஜெர்மன் கடவுச்சீட்டு இருந்ததால் இந்த முறை ஒளிந்து போகவேண்டியிருக்கவில்லை. பமாக்கோவில் டாக்ஸி ஓட்டிய மூசா இவரை உல்லாசப் பயணி என்றே நினைத்தான். தேசிய அருங்காட்சியகத்துக்குக் கொண்டுபோய்ப் பழைய களிமண் உருவங்களைக் காட்டினான். குன்றின் மேல் ஏற்றினான். கீழே செம்புழுதியில் நகரம் பரந்து கிடக்க, நடுவே ஆறு அகலமாக மினுங்கியது. தான் அடைபட்டிருந்த வீடு எங்கே என்று டக்ளஸ் தேடினார். எல்லாக் கூரைகளும் ஒரே மாதிரி இருந்தன.

ஆற்றங்கரையில் பெண்கள் துணி துவைத்துக்கொண்டிருந்தார்கள். நீளமான வள்ளம் ஒன்றிலிருந்து மீன் இறக்கினார்கள். றெஜினோல்ட் கடற்தொழிலாளி. அந்த ஆற்றில் என்ன மீன் படும் என்று, பூட்டிய வீட்டுக்குச் சமைக்க வந்தவனிடம் நாள்தோறும் கேட்டவர். டக்ளஸ் கரையிலேயே குந்தியிருந்து அழுதார். மூசா தள்ளி நின்றான். பிறகு, தெரிந்த கொஞ்ச ஆங்கிலத்தில் டக்ளஸ் அவனிடம் எல்லாவற்றையும் சொன்னார்.

இரண்டு நாள் மூசா அவரோடு அலைந்தான். பேராலயத்துப் பாதிரியார் பதிவேட்டைப் புரட்டிப் பார்த்தார். அந்த ஆண்டில் றெஜினோல்ட் என்ற பெயர் இல்லை. மூன்று இடுகாடுகளைப் பார்த்தார்கள். கடைசி இடத்தில் காவலாளி புல் முளைத்த ஒரு வெளியைக் காட்டினார். பெயர் தெரியாமல் வரும் உடல்களை அங்கேதான் புதைப்பார்களாம். றெஜினோல்ட் அங்கே இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம்.

டக்ளஸ் முழந்தாளிட்டுச் செபித்தார். கமராவை வெளியே எடுக்கவில்லை.

பிராங்பேர்ட் திரும்பிய அன்றே லூர்தம்மாவை அழைத்து, கல்லறை எங்கே என்று தனக்கு ஒருபோதும் தெரியாது என்றார்.

"அப்ப நீங்கள் அடக்கத்துக்குப் போகேல்லையோ?"

"இல்லை அக்கா. எங்களை வெளியில விடேல்லை. எங்க கொண்டுபோனவங்களெண்டும் தெரியாது. நான் பொய் சொல்லிப்போட்டன்."

மறுமுனையில் தொலைபேசி வைக்கப்பட்டது. அதன்பின் டக்ளஸ் எத்தனை முறை அழைத்தும் லூர்தம்மா எடுக்கவில்லை. கலியாணத்துக்கு அழைப்பும் வரவில்லை.

வைகாசியில் ஒருநாள் லூர்தம்மாவே அழைத்தார். கலியாணம் நல்லபடி முடிந்ததென்றார். பிறகு, "அஞ்சு மாசம் அவருக்குப் பக்கத்தில படுத்தனீங்கள்தானே. என்ன சாப்பிட்டவர்? எங்களைப் பற்றி என்ன கதைச்சவர்? இனி ஒண்டும் மறைக்காமல் சொல்லுங்கோ" என்றார்.

வேலை உடுப்பையும் மாற்றாமல் டக்ளஸ் கதிரையில் உட்கார்ந்தார். அந்த வீட்டுக்குப் போன முதல் நாளிலிருந்து, ஞாபகத்தில் இருந்ததை மட்டும் சொல்லத் தொடங்கினார்.