சுகந்திக்கு நான் செய்த உதவி

போன மாதம் ஒரு சனிக்கிழமை, எனக்குப் போட்டியாக நிற்கும் ஒருத்திக்கு உதவி செய்வதற்காக இரண்டரை மணி நேரம் கார் ஓட்டிப் போனேன்.

உடனே நல்ல மனசுக்காரி என்று முடிவுகட்டிவிடாதீர்கள். முழுவதையும் படித்துவிட்டுச் சொல்லுங்கள்.

இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து படிப்பவர்களுக்கு என் நடிப்புத் தொழில் எந்த இலட்சணத்தில் இருக்கிறது என்று தெரியும். புதிதாக வந்தவர்களுக்காகச் சொல்கிறேன். அவுஸ்திரேலிய டிவி நாடகங்களில் ஆஸ்பத்திரி வரிசையில் இருமிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பெண்ணைப் பார்த்திருப்பீர்கள். கல்யாண வீட்டில் பின்வரிசையில் நின்று கை தட்டும் பெண். மளிகைக் கடைக் கவுன்டருக்குப் பின்னால் நிற்கும் பெண். எல்லாம் நான்தான். பதினொரு வருடமாக நடிக்கிறேன், பெயர் வைத்த பாத்திரம் ஒன்றுகூடக் கிடைத்ததில்லை. 'பெண் 2', 'நோயாளி', 'பக்கத்து வீட்டுக்காரி'... இப்படித்தான் பட்டியலில் வருவேன்.

சுகந்தி — இது அவளுடைய உண்மைப் பெயர் இல்லை — என்னுடைய ஏஜென்டிடம்தான் இருக்கிறாள். தமிழ்நாட்டுக்காரி, பொள்ளாச்சிப் பக்கம். என்னைவிட ஏழு வயது இளையவள். 'தெற்காசிய அம்மா, நாற்பதிலிருந்து ஐம்பத்தைந்து' என்று யாராவது கேட்டால் எங்கள் ஏஜென்ட் இரண்டு பேருக்கும் மின்னஞ்சல் அனுப்புவார். அவளுக்குக் கிடைக்கும். எனக்குக் கிடைக்காது.

அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் அவள் இருக்கிற இடத்தைப் பாருங்கள். மெல்பேர்னிலிருந்து வெகு தூரத்தில், கிப்ஸ்லாந்தில் ஒரு பண்ணை. நாற்பது மாடுகள், பள்ளிக்கூடம் போகும் இரண்டு பிள்ளைகள், கால்நடை மருத்துவராக ஊர் ஊராக அலையும் கணவர். இத்தனைக்கும் நடுவில் விடிகாலையில் கிளம்பி மெல்பேர்ன் வருவாள், நடிப்பாள், மாடுகளுக்குத் தீவனம் போடும் நேரத்துக்குத் திரும்பிப் போய்விடுவாள். மேக்கப்பை வழியில் பெட்ரோல் ஷெட்டில் கழுவிக்கொள்வாளாம்.

நான் டார்னெய்ட்டில் இருக்கிறேன். இங்கிருந்து நகரத்துக்கு ரயிலில் அரைமணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே. மகன் கல்யாணம் முடித்து சிட்னியில், குவேக்கர்ஸ் ஹில்லில் இருக்கிறான். அவனுடைய அறையை ஸ்டூடியோ ஆக்கிவிட்டேன் — சாம்பல் நிறத் திரை, ரிங் லைட், ஸ்டாண்ட் எல்லாம் உண்டு. வீட்டில் ஒரு கோழிகூடக் கிடையாது. போகாதே என்று தடுக்கவும் ஆள் இல்லை. பிறகு ஏன் எனக்கு வருவதில்லை?

இந்தக் கேள்வியைக் கட்டிய கணவரிடம் கேட்கக்கூடாது. கேட்டேன். "அவ நல்லா நடிக்கிறா போல," என்றார். அன்றைக்கு அவருக்கு வெறும் புட்டுத்தான்.

பொறாமைப்படுவதற்கும் ஒரு கணக்கு இருக்கிறது, கவனித்திருக்கிறீர்களா? எங்கேயோ இருக்கும் ஹாலிவுட் நடிகையின் மேல் எனக்கு ஒரு துளி பொறாமை கிடையாது. அவள் நன்றாக இருக்கட்டும். நமக்கு வந்த அதே மின்னஞ்சல் யாருக்குப் போகிறதோ, நம்மை வாய் நிறைய 'அக்கா' என்று யார் கூப்பிடுகிறாளோ, அவள் மேல்தான் வருகிறது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

இந்த முறை வந்தது சில்லறை வேடம் இல்லை. ஆறு பகுதித் தொடர், ஆறிலும் வரும் தமிழ் அம்மா. அந்த அம்மாவுக்குப் பெயர் இருந்தது — இராஜேஸ்வரி. மின்னஞ்சலை மூன்று தடவை வாசித்தேன். குசினியில் சமைக்கும்போது, யாரும் இல்லாத நேரம் அந்தப் பெயரைச் சத்தமாகவும் சொல்லிப் பார்த்தேன்.

இப்போதெல்லாம் ஓடிஷனுக்கு யாரும் நேரில் கூப்பிடுவதில்லை. கொடுத்த காட்சியை வீட்டிலேயே நடித்துப் படம் பிடித்து அனுப்ப வேண்டும். செல்ஃப் டேப் என்று பெயர். இதில் ஒரு சங்கடம், எதிரே இருப்பவரின் வசனத்தை யாராவது கமராவுக்குப் பக்கத்தில் நின்று வாசிக்க வேண்டும். அவர்தான் ரீடர். எனக்கு வாய்த்த ரீடர் என் கணவர். வீட்டை விட்டே போகிறேன் என்று மகன் அம்மாவிடம் சொல்லும் காட்சி. அதை அவர், மூன்றாம் பிளாட்ஃபாரத்துக்கு அடுத்த ரயில் வருகிறது என்கிற மாதிரி வாசித்தார். காட்சி முழுக்க ஆங்கிலம், கடைசி வரி மட்டும் தமிழ். அம்மா மகனிடம், "சாப்பிட்டிட்டுப் போ," என்கிறாள். அந்த இடத்தில் எனக்குக் கண்ணீர் சொன்னபடி வந்தது. வெள்ளிக்கிழமை மத்தியானமே அனுப்பிவிட்டேன்.

அன்று மாலை சுகந்தி எனக்குப் போன் எடுத்தாள்.

"அக்கா, நாளைக்கு ஃப்ரீயா இருப்பீங்களா? எனக்கு ரீடர் இல்லக்கா. இவரு வேலை விஷயமா பெண்டிகோ போயிட்டாரு. பசங்க வாசிச்சா எனக்குச் சிரிப்பு வருது. நீங்க வந்து வாசிக்க முடியுமா?"

"நல்ல தூரமெல்லே..."

"தெரியும்க்கா. வேற யாரையும் கேக்கத் தோணல. நீங்களும் பண்றீங்கதானே? அனுப்பிட்டீங்களா?"

"இல்லை, இன்னும் யோசிச்சுக்கொண்டிருக்கிறன்."

ஏன் அந்தப் பொய்? அனுப்பிவிட்டேன் என்று சொன்னால் என்ன குறைந்துபோயிருக்கும்? தெரியவில்லை, வாயில் அதுதான் வந்தது. ஆனால் வருகிறேன் என்று ஏன் சொன்னேன் என்பது நன்றாகத் தெரியும். இவள் எப்படித்தான் செய்கிறாள் என்று பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும் போலிருந்தது.

பண்ணையில் காரை விட்டு இறங்கினால், காது கிழிகிற மாதிரி மாடுகள் கத்துகின்றன. வேலிக்கு அந்தப் பக்கம் கன்றுகள், இந்தப் பக்கம் தாய்மாடுகள்.

"முந்தாநாள்தான் கன்னுகளைப் பிரிச்சோம்க்கா, பால்குடி மறக்கடிக்க," என்றாள் சுகந்தி. "மூணு நாலு நாள் இப்படித்தான் கத்தும். ராத்திரியெல்லாம் தூக்கமே இல்ல."

ரப்பர் பூட்ஸ், கிளிப்பில் அள்ளிச் செருகிய முடி, பவுடர்கூடப் போடாத முகம். எனக்கு உள்ளுக்குள் ஒரு சின்னச் சந்தோஷம். இந்தக் கோலத்திலா இராஜேஸ்வரி?

பையனுக்குப் பன்னிரண்டு வயது, மகளுக்கு ஒன்பது. இரண்டு பேரும் தாங்களே டோஸ்ட் போட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். சுகந்தி கை கழுவிக்கொண்டே சொன்னாள்.

"இந்தப் பெரிய வேஷம் கிடைக்கலைன்னா நடிப்பையே விட்டுடலாம்னு இருக்கேன்க்கா. இவரு ஒண்ணும் சொல்லல. ஆனா ஒவ்வொரு தடவையும் பசங்களை யாரு பாத்துக்கறது, மாட்டை யாரு பாத்துக்கறதுன்னு... எனக்கே அலுத்துப்போச்சு. நடிக்கப் போனா வீட்டு நெனப்பு, வீட்டுல இருந்தா அந்த நெனப்பு."

"சீச்சீ, அப்பிடிச் சொல்லாதேங்கோ," என்றேன். விட்டால் விடட்டும் என்று மனசு சொன்னது. இரண்டும் ஒரே மூச்சில்தான் நடந்தன.

மகளின் அறைச் சுவரில் ஒரு பெட்ஷீட்டைக் குத்தினோம். சுகந்தியின் போன் கமராவில் கீறல், அதனால் என்னுடைய போனை ஸ்டாண்டில் வைத்தோம். நான் பக்கத்தில் நின்று மகனின் வசனத்தை வாசித்தேன்.

முதல் டேக்கின்போது மாடுகள் எப்படியோ வாயை மூடிக்கொண்டன. அவள் என்னைப் பார்த்தாள். அவ்வளவுதான், இரண்டு நிமிடம் நான் அவள் பெற்ற பிள்ளை ஆகிவிட்டேன். கடைசி வரியில் அவளுக்குக் கண்ணீர் வந்தது. எனக்கு வந்ததைவிட நன்றாக வந்தது. அவளையே பார்த்துக்கொண்டு நின்றதில் ஒரு வரியைத் தவறவிடப் பார்த்தேன்.

"ஓகேவாக்கா?"

"ஓம், நல்லா இருக்கு," என்றேன். அது என் கணவர் வசனம் வாசித்த குரல் மாதிரியே இருந்தது.

"சேஃப்டிக்கு இன்னொண்ணு எடுத்துடலாம்."

இரண்டாவது டேக்கில் பாதியிலேயே மாடுகள் தொடங்கிவிட்டன. சுகந்தி நிறுத்தவில்லை. ஆனால் அவளுடைய காது அங்கே போய்விட்டது. மகன் போகிறேன் என்று சொல்லும் இடத்தில் அவள் கண் ஜன்னல் பக்கம் போய்த் திரும்பியது. பிறகு, "சாப்பிட்டிட்டுப் போ," என்றாள். அழவில்லை. தினமும் சொல்வதைச் சொல்கிற மாதிரி சொன்னாள். பின்னால் ஒரு மாடு கதறியது. வீணாய்ப்போன டேக் என்று நினைத்தேன்.

அப்போது பக்கத்துப் பண்ணைக்காரரிடமிருந்து போன். தாய்மாடுகள் வேலியை முறித்துக்கொண்டு ரோட்டுக்கு வந்துவிட்டன. சுகந்தி பூட்ஸை மாட்டிக்கொண்டே பிள்ளைகளைக் கூப்பிட்டாள்.

"அக்கா, அஞ்சு மணிக்குள்ள அனுப்பணும். டேப் அனுப்புற லிங்க்கை உங்களுக்கு ஃபார்வர்ட் பண்ணிட்டேன். எது நல்லா இருக்கோ அதை அனுப்பிடுங்க. எனக்கு உக்காந்து பாக்க நேரமில்ல."

ஓடிவிட்டாள். மணி நாலரை.

ஒரு நடிகை தன் டேப்பை இன்னொருத்தியின் கையில் கொடுத்துவிட்டு மாடு பிடிக்கப் போகிறாள். இப்படி ஒரு நம்பிக்கையை யார் மேலாவது நான் வைத்திருக்கிறேனா?

முதல் டேக்கைப் பார்த்தேன். திரும்பவும் பார்த்தேன். வயிறு எரிகிறது என்று சும்மா சொல்வோமே, அன்றைக்கு எனக்கு நிஜமாகவே எரிந்தது. ஐம்பத்திரண்டு வயதில், ஒரு சின்னப் பிள்ளையின் கட்டிலில் உட்கார்ந்துகொண்டு, அடுத்தவளின் கண்ணீரைப் பார்த்துப் பொறாமைப்பட்டேன்.

பிறகு இரண்டாவது டேக்கைத் தொட்டு, அதை அனுப்பினேன்.

தவறுதலாக இல்லை. தெரிந்துதான் செய்தேன். அவளே அலுத்துப்போச்சு என்றாளே, நான் என்ன புதிதாகச் செய்துவிட்டேன் என்று ஒரு சமாதானமும் கைவசம் வைத்திருந்தேன்.

பண்ணையில் இன்டர்நெட் நத்தை வேகம். பத்து சதவீதம்... பதினாறு... இருபத்தொன்று. ஜன்னலால் ரோட்டைப் பார்த்தேன். தாயும் இரண்டு பிள்ளைகளும் கைகளை அகல விரித்துக்கொண்டு மாடுகளுக்கு முன்னால் நின்றார்கள். பையன் ஏதோ கத்தினான், சின்னவள் விழுந்து விழுந்து சிரித்தாள். அதிலும் எனக்குப் பொறாமை வந்தது. என் மகனும் நானும் சேர்ந்து ஒரு காரியம் செய்து எவ்வளவு காலமாகிறது?

திரையில் நிறுத்து என்று ஒரு பட்டன் இருந்தது. நூறு சதவீதம் வரும் வரைக்கும் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

வேர்த்து விறுவிறுத்துத் திரும்பி வந்தவள் எந்த டேக் என்று கேட்கவே இல்லை. "போயிடுச்சாக்கா?" என்றாள். ஓம் என்றேன். இரண்டு டஜன் முட்டையைக் கொடுத்து, கட்டிப்பிடித்து அனுப்பிவைத்தாள். வீட்டில் கணவர், "எப்பிடிச் செய்தவ?" என்று கேட்டார். "பரவாயில்லை," என்றேன். மறுநாள் அவர் ஆம்லெட் சாப்பிட்டார். எனக்குப் பசியில்லை என்றேன்.

எங்கள் தொழிலில் உனக்கு இல்லை என்று யாரும் சொல்லமாட்டார்கள். பேசாமல் இருந்துவிடுவார்கள், நாமாக விளங்கிக்கொள்ள வேண்டும். நான் இரண்டு வாரத்தில் விளங்கிக்கொண்டேன். அவளுக்கும் இல்லையென்றால் போதும் என்று இருந்தேன். அதே நேரம், அவள் நடிப்பை விட்டுவிட்டால் அந்தப் பாவத்தை எங்கே கொண்டுபோய்க் கழுவுவது என்று பயமாகவும் இருந்தது. (சுகந்தி இந்தப் பத்தியைப் படிப்பதில்லை. நேரமில்லையாம். அதனால்தான் துணிந்து எழுதுகிறேன்.)

போன வியாழக்கிழமை அவளிடமிருந்து போன்.

"அக்கா, எனக்குக் கிடைச்சிருச்சு."

நான் வெங்காயம் தாளித்துக்கொண்டிருந்தேன். "நல்லதம்மா," என்றேன். வெங்காயத்தைக் கிளறினேன்.

"டைரக்டர் ஜூம்ல பேசினாங்கக்கா. பையன் போறேன்னு சொல்றப்போ நான் ஒரு செகண்ட் வெளிய எதையோ கேட்டேனாம். அப்புறம் அழாம, 'சாப்பிட்டிட்டுப் போ'ன்னு சொன்னேனாம். அந்த இடத்துலயே முடிவு பண்ணிட்டாங்களாம். எதைச் சொல்றாங்கன்னு எனக்குப் புரியவே இல்ல. அப்புறம் ஏஜென்ட்கிட்ட கேட்டு வாங்கிப் பாத்தா... அந்த ரெண்டாவது டேக்."

அடுப்பை அணைத்தேன்.

"நானா இருந்தா முதல் டேக்கைத்தான் அனுப்பியிருப்பேன். மாடு கத்துதுன்னு இதைத் தூக்கிப் போட்டிருப்பேன். உங்களுக்குத்தான்க்கா நடிப்புன்னா என்னன்னு தெரிஞ்சிருக்கு. எல்லார்கிட்டயும் சொல்லிட்டிருக்கேன்."

உண்மையைச் சொல்வதற்கு அதைவிட நல்ல நேரம் இனி வராது. எனக்குத் தெரியும்.

"சும்மா இருங்கோ, நான் என்ன செய்தனான்," என்றேன். அடக்கமாக, அளவோடு ஒரு சிரிப்பும் சேர்த்துக்கொண்டேன்.

அன்று பின்னேரம் இரண்டு டேக்கையும் என் கணவருக்குப் போட்டுக் காட்டினேன். கதையைச் சொல்லாமல், எது நல்லது என்று மட்டும் கேட்டேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டையும் பொறுமையாகப் பார்த்தார்.

"ரெண்டாவது," என்றார். "அதில அவ அம்மா மாதிரி இருக்கிறா. முதலாவதில நடிக்கிறா."

அதற்குப் பிறகு நான் தனியாக இன்னும் நாலைந்து தடவை பார்த்துவிட்டேன். எனக்கு இப்போதும் முதலாவதுதான் பிடித்திருக்கிறது.