என் கோலுக்கு இரண்டு கூப்பன்

எனக்கு விலை போட்டார்கள். நாற்பத்தொரு வயதில், முதல் முறையாக. தெப்ராவில் நான் வேலை செய்யும் தொழிற்சாலையின் கேண்டீன் சுவரில், வெள்ளைப் பலகையில், நீல மார்க்கரில் எழுதி வைத்தார்கள். திங்கட்கிழமை நான் ஆறு கூப்பன். வியாழக்கிழமை மதியம் இரண்டு கூப்பன். அழுகின தக்காளிக்குக்கூட இவ்வளவு சீக்கிரம் விலை இறங்காது.

பலகையை ஆரம்பித்தவர் மெய்ண்டனன்ஸில் இருக்கும் ஓர் அண்ணன். உலகக் கிண்ணக் கால்பந்து நடந்தபோது அவர் கைப்பேசியில் ஒரு வெளிநாட்டுச் சந்தையைப் பார்த்துக்கொண்டே இருப்பார். இன்னார் கோல் அடிப்பாரா, மாட்டாரா என்று சீட்டு வாங்கி விற்கிற சந்தை. அவர் அதில் ஒரு காசும் போடவில்லை. அந்த முறைதான் அவருக்குப் பிடித்துப்போனது. சூதாட்டக்காரன் சொல்லும் விலை ஒரே ஆளுடைய விலை, இது நாலு பேர் சேர்ந்து வைக்கும் விலை, ஆகவே இது பொய் சொல்லாது என்று சாப்பாட்டு நேரத்தில் எல்லோர் காதிலும் ஓதினார். எங்கள் தொழிற்சாலையில் பிரிவுகளுக்கிடையே நடக்கும் கிண்ணப் போட்டி வந்ததும், ஓவர்டைம் பட்டியல் எழுதிக்கொண்டிருந்த பழைய பலகையைத் துடைத்துச் சந்தையைத் திறந்துவிட்டார்.

காசு கிடையாது. கேண்டீனில் தே தாரிக், அதாவது ஆற்றிய பால் தேநீர், குடிக்கக் கம்பெனி மாதாமாதம் தரும் கூப்பன்தான். ஒருவர் கோல் அடிப்பார் என்று நினைத்தால் 'ஆம்' சீட்டு வாங்கலாம். அடித்துவிட்டால் அந்தச் சீட்டுக்குப் பத்துக் கூப்பன். அடிக்காவிட்டால் அது குப்பை. 'இல்லை' சீட்டு அப்படியே தலைகீழ். நிறையப் பேர் 'ஆம்' வாங்கினால் விலை ஏறும், 'இல்லை' வாங்கினால் இறங்கும். யார் வாங்கினார்கள் என்பதைப் பலகைக்குக் கீழே தொங்கும் தாளில் தொழிலாளர் எண்ணைப் போட்டுக் கையெழுத்திட வேண்டும்.

விதிகள் மூன்று. விளையாடுகிறவர்கள் சீட்டு வாங்கக் கூடாது. வாங்கிய சீட்டைத் திருப்ப முடியாது. மூன்றாவது விதி எங்கள் தொழிற்சாலைக்கே உரியது: வழக்கமான ஐம்பது நிமிடத்துக்குள் விழும் கோல்தான் கணக்கு. நாக்-அவுட் ஆட்டம் சமமாக முடிந்தால் கூடுதல் நேரம் உண்டு, பெனால்டி உண்டு. ஆனால் தொழிற்சாலை பஸ் ஆறரைக்குக் கிளம்பிவிடும். முக்கால்வாசிப் பேர் அதில்தான் வீடு போக வேண்டும். பார்க்க ஆளில்லாத கோலுக்கு நாளைக்கு எவன் சாட்சி சொல்வான் என்று அண்ணன் கேட்டார். அதனால் பஸ் போன பிறகு விழும் கோல் செல்லாது.

ஆண்கள் அணி வேறு தொழிற்சாலைகளோடு ஆடும் தனிப் போட்டியில் முதல் சுற்றிலேயே மண்ணைக் கவ்வியது. மிஞ்சியது பிரிவுகளுக்கிடையே பெண்கள் ஏழேழு பேராக ஆடும் கிண்ணம் மட்டும். அதனால்தான் அத்தனை ஆம்பளைகளும் திடீரென்று எங்கள் கால்களைப் பற்றி ஆராய்ச்சி செய்ய ஆரம்பித்தார்கள்.

நான் பேக்கிங் பிரிவு. சாஆ என்ற ஊருக்குப் பக்கத்துத் தோட்டத்தில் வளர்ந்து, அண்ணன்மார்களோடு மல்லுக்கட்டிப் பந்து விளையாடியவள். கல்யாணத்துக்குப் பிறகு பதினேழு வருஷம் பந்தைத் தொடவில்லை. பெண்கள் அணி அமைத்த வருஷம் நான்தான் முதலில் பெயர் கொடுத்தேன். அன்றிலிருந்து ஒன்பதாம் எண் சட்டை என்னுடையது. கால் இறுதியில் இரண்டு கோல் அடித்தேன். அதனால்தான் அரையிறுதிக்கு என் விலை ஆறில் திறந்தது. ஆனால் எங்கள் சூப்பர்வைசர், அவர்தான் எங்கள் பயிற்சியாளரும், புதிதாக வேலைக்குச் சேர்ந்த இருபத்திரண்டு வயதுப் பெண்ணையும் கண்ணில் வைத்திருந்தார். அரையிறுதியில் யார் முன்னால் நின்று விளையாடுகிறாரோ அவருக்குத்தான் இனிமேல் அந்தச் சட்டை என்று முன்பே சொல்லியிருந்தார். எனக்கு அந்தச் சட்டை வேண்டும். சாக்குப்போக்கு எதுவும் இல்லாமல் சொல்கிறேன், அந்த வருஷம் எனக்கு அதைவிட வேண்டியது வேறு ஒன்றும் இருக்கவில்லை.

புதன்கிழமை பயிற்சியில் வலது முட்டி மடங்கியது. வீட்டுக்கு வருவதற்குள் வீங்கிவிட்டது. ஃப்ரிட்ஜில் உறைந்து கிடந்த பட்டாணிப் பொட்டலத்தை எடுத்து முட்டியில் வைத்துக்கொண்டு சோபாவில் காலை நீட்டினேன். அணியில் யாருக்கும் சொல்லவில்லை. பயிற்சியாளருக்குச் சொல்லவில்லை. வீட்டுக்காரரிடம் மட்டும் சொன்னேன். அவர் தைலம் எடுத்து வந்து தரையில் உட்கார்ந்து பக்குவமாகத் தேய்த்துவிட்டார். எங்கே அழுத்தினால் வலிக்கிறது, மடக்கினால் எதுவரை வருகிறது என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். நானும் ஒவ்வொன்றாகச் சொன்னேன். இருபது வருஷமாக என்னோடு இருக்கிற மனுஷனிடம் என் முட்டியைப் பற்றிச் சொல்ல யோசிக்கவா செய்வேன்.

அவரும் அதே தொழிற்சாலைதான். ஸ்டோரில் கணக்கர். ஸ்டாக் அட்டையில் ஒரு ஸ்க்ரூ கூடக் குறைய இருந்தால் அன்றைக்குச் சோறு இறங்காது.

மறுநாள் மதியம் கேண்டீனில் தட்டை எடுத்துக்கொண்டு திரும்பினால் பலகையில் என் பெயருக்கு நேராக இரண்டு. எனக்குப் புரியவில்லை. காலையில் ஆறு இருந்ததே. நான் நொண்டவில்லை, பல்லைக் கடித்துக்கொண்டு நேராகத்தான் நடந்தேன். மேசையில் இருந்த பெண்கள் சட்டென்று சாப்பாட்டைக் குனிந்து பார்த்தார்கள். தட்டை வைத்துவிட்டுப் போய்ப் பலகைக்குக் கீழே தொங்கிய தாளைப் பார்த்தேன். காலை பத்து மணி இடைவேளையில் முதல் வரியில், என் பெயர்மேல் ஒரு கட்டு 'இல்லை' சீட்டு, பக்கத்தில் ஒரு தொழிலாளர் எண். அதற்குக் கீழே ஒரே மூச்சில் இருபது பேர் வரிசையாக 'இல்லை', 'இல்லை', 'இல்லை'.

முதல் வரியில் இருந்த எண் எனக்கு மனப்பாடம். வீட்டில் அவருடைய மருத்துவ கிளைம் படிவம் எல்லாவற்றையும் நிரப்புவது நான்தான்.

அண்ணனிடம் போனேன். புருஷன் பெண்டாட்டிமேல் சீட்டு வாங்கலாமா என்று கேட்டேன். விளையாடுகிறவர் வாங்கக் கூடாது என்றுதான் விதி, புருஷன் விளையாடவில்லையே என்றார். சொல்லும்போது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. மற்றவர்கள் ஏன் பின்னாலேயே ஓடினார்கள் என்றும் கேட்டேன். கட்டின புருஷனே 'இல்லை' வாங்குகிறான் என்றால் விஷயம் இல்லாமலா இருக்கும் என்று எல்லோரும் பேசிக்கொண்டதாகச் சொன்னார். எனக்கு அழுகை வந்தது. கோபத்தில் வந்த அழுகை. கேண்டீன் நடுவில் அழுவதற்கு நான் ஆளில்லை, அதனால் சோற்றைத் தின்றேன். தட்டில் ஒரு பருக்கை மிச்சம் வைக்கவில்லை.

மாலையில் பயிற்சியாளரும் கூப்பிட்டுவிட்டார். பலகையைப் பார்த்திருக்கிறார். சனிக்கிழமை அந்தப் பெண் முன்னால் நிற்கட்டும், நீங்கள் பெஞ்சில் உட்காருங்கள் என்று மலாயில் தன்மையாகத்தான் சொன்னார். நான் முட்டியைப் பற்றி மறைக்கவில்லை. வீங்கியது, இன்றைக்குக் குறைந்திருக்கிறது, வேண்டுமானால் இப்போதே ஓடிக் காட்டுகிறேன் என்றேன். பலகை பந்தை உதைக்காது என்றும் சொன்னேன். அவர் சிரித்தார். தேவைப்பட்டால் இறக்குவேன் என்றார், அவ்வளவுதான்.

மோட்டார் சைக்கிள் நிறுத்தும் இடத்தில் வீட்டுக்காரர் ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். நான் தாளைப் பார்த்துவிட்டேன் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

"ஆறுங்கிறது தப்பு வெல," என்றார். "ஒன் முட்டி இருக்கிற நெலமைக்கு அது தப்பு. பார்த்துக்கிட்டுச் சும்மா இருக்க முடியல. நான் யாருக்கிட்டயும் வாயத் தெறக்கல."

"வாயத் தெறக்க வேணாம், ஒங்க நம்பர் போதும்."

"வீங்குனது உண்மைதானே?"

"உண்மைதான். ஆனா அது என் உண்மை. ஒங்கக்கிட்ட சொன்னேன், கேண்டீனுக்குச் சொல்லல."

அவர் மோட்டாரை உதைத்துக் கிளப்பினார். கூப்பன் ஆசையில் செய்தார் என்று நான் நினைக்கவில்லை. அப்படிச் செய்திருந்தால் திட்டித் தீர்த்துவிட்டு மறந்திருப்பேன். சரியில்லாத ஸ்டாக் அட்டையைத் திருத்துவதுபோல என்னைத் திருத்தியிருக்கிறார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. வழி நெடுக அவர் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து, இடுப்பைப் பிடிக்காமல், இருக்கையின் பின்கம்பியைப் பிடித்துக்கொண்டு வந்தேன்.

சனிக்கிழமை மத்தியானம் வெளுத்து வாங்கிய மழை நான்கு மணிக்கு நின்றது. பக்கத்துத் தாமான் குடியிருப்பின் திடலில் ஆட்டம். எதிரணி ஸ்டாம்பிங் பிரிவு. நான் பெஞ்சில் உட்கார்ந்து பட்டை கட்டிய முட்டியை மடக்கி நீட்டிக்கொண்டிருந்தேன். அந்தச் சின்னப் பெண்மேல் எனக்குக் கோபமில்லை. நன்றாகத்தான் ஓடினாள். ஆனால் முன்னால் பந்து வந்ததும் பதறினாள். கோல் விழவில்லை. முடிய எட்டு நிமிடம் இருக்கும்போது பயிற்சியாளர் என் பக்கம் திரும்பி விரலை ஆட்டினார்.

இறங்கியதும் கூட்டத்தில் ஒரு சலசலப்பு. 'இல்லை' வைத்திருந்தவர்கள்தான் அதிகம், அதனால் என் கால் வழுக்க வேண்டும் என்று திடலில் பாதிப்பேர் வேண்டிக்கொண்டிருந்தார்கள். பேக்கிங்காரர்களே அதில் இருந்தார்கள். எங்கள் அணி ஜெயிக்கவும் வேண்டும், நான் அடிக்கவும் கூடாது. எப்படிப்பட்ட ரசிகர்கள் பாருங்கள். கடைசி நிமிடத்தில் எனக்கு ஒரு பந்து வந்தது. உதைத்தேன், கம்பத்தில் பட்டு வெளியே போனது. யாரோ நிம்மதியாகக் கைதட்டியது எனக்குக் கேட்டது.

விசில். பூஜ்ஜியத்துக்குப் பூஜ்ஜியம். பஸ் ஹார்ன் அடித்தது. அண்ணன் கூப்பன்களைப் போட்டு வைத்திருந்த பிஸ்கட் டின்னைத் திறந்து, பஸ்ஸுக்குப் போகிறவர்களுக்கு அங்கேயே கூப்பனைப் பிரித்துக் கொடுத்தார். இருபது பேரும் சிரித்துக்கொண்டே வாங்கிப் பையில் போட்டார்கள். என் வீட்டுக்காரரும் வரிசையில் நின்று வாங்கினார். எங்களுக்கு மோட்டார் இருக்கிறது, அதனால் அவர் போகவில்லை. பஸ் திரும்பி மெயின் ரோட்டில் ஏறியபோது திடலில் இருபது முப்பது பேர்கூட இல்லை.

கூடுதல் நேரம் ஐந்தும் ஐந்தும் பத்து நிமிடம். வலது கால் மரத்துப்போயிருந்தது. பரவாயில்லை, எனக்கு இன்னொரு கால் இருக்கிறது. இரண்டாவது ஐந்து நிமிடத்தில் எங்கள் கோல்கீப்பர் நீளமாக ஒரு பந்து உதைத்தாள். சாக்கடைப் பக்க மூலையை நோக்கி அது வந்தது. அந்த மூலையில் மழைத்தண்ணீர் தேங்கும், பந்து தரையில் பட்டால் அங்கேயே செத்து நிற்கும். மூன்று வருஷமாக அந்தத் திடலில் விழுந்து எழுந்தவளுக்கு அது தெரியாதா. எதிரணிப் பெண்கள் இரண்டு பேரும் பந்து உருண்டு வரும் என்று பின்னால் ஓடினார்கள். நான் ஓடவில்லை. தேங்கிய தண்ணீரை நோக்கி நடந்து போனேன். பந்து நின்றது. இடது காலால் தூக்கிவிட்டேன். எதிரணிக் கோல்கீப்பரின் தலைக்கு மேலே போய் வலையில் விழுந்தது.

ஒன்றுக்குப் பூஜ்ஜியம். நாங்கள் இறுதிக்குப் போனோம். பெண்கள் என்மேல் விழுந்தார்கள், சேற்றில் கிடந்தபடியே கோட்டுப் பக்கம் பார்த்தேன். வீட்டுக்காரர் கைதட்டப் பார்த்தார். இரண்டு கையிலும் கூப்பன் இருந்தது.

ஒன்பதாம் எண் சட்டை என்னிடமே தங்கியது, அதை நான்தான் துவைத்துக் காயப்போட்டேன். பயிற்சியாளர் அதைப் பற்றி மறுபேச்சுப் பேசவில்லை.

திங்கட்கிழமை பலகையில் என் பெயருக்கு நேராக 'கோல் இல்லை' என்று எழுதியிருந்தது. 'ஆம்' சீட்டு வைத்திருந்த நாலைந்து பேர் அண்ணனைச் சூழ்ந்துகொண்டு சண்டை போட்டார்கள். ஆட்டத்தையே ஜெயித்துக் கொடுத்த கோல் எப்படி இல்லாமல் போகும் என்று கேட்டார்கள். நீங்களே சொல்லுங்கக்கா என்று என்னையும் இழுத்தார்கள். விதி விதிதான், விட்டுவிடுங்கள் என்றேன். நான் அடித்தேன் என்று அந்தப் பலகை சொல்லித்தான் எனக்குத் தெரிய வேண்டுமா? அண்ணனுக்கே கொஞ்சம் கூசியிருக்க வேண்டும். புருஷன்மார்களும் வாங்கக் கூடாது என்று நான்காவது விதி எழுதிவிடட்டுமா என்று மார்க்கரைத் திறந்தார். எழுத வேண்டாம், அதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொன்னேன்.

இறுதி ஆட்டத்துக்கு என் விலை ஐந்தில் திறந்தது. அந்த வாரம் முழுக்க ஐந்திலேயே நின்றது. ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. இடைவேளைக்கு இடைவேளை எல்லோரும் ஸ்டோர் கதவையே பார்த்தார்கள், வீட்டுக்காரர் பலகைப் பக்கமே வரவில்லை. அவரிடம் விற்க என்னைப் பற்றி ஒரு சேதியும் இல்லை. பட்டாணிப் பொட்டலத்தை இப்போது நான் கதவைச் சாத்திக்கொண்டு வைத்துக்கொள்கிறேன், தைலமும் நானே தேய்த்துக்கொள்கிறேன்.

வெள்ளிக்கிழமை மாலை மோட்டாரில் ஏறுவதற்கு முன்னால் அவர் ஹெல்மெட்டை என்னிடம் நீட்டிக்கொண்டே மெதுவாகக் கேட்டார்.

"முட்டி எப்படி இருக்கு?"

ஹெல்மெட்டை வாங்கி மாட்டிக்கொண்டேன்.

"போர்டப் பாருங்க," என்றேன்.