நூலில்லாமல் ஓடிய தையல் மிஷின்

முன்னறையில் வானொலி கதை வாசித்துக்கொண்டிருந்தது.

“அறைக் கதவைச் சாத்தினாள். ஊசியிலிருந்து நூலை உருவினாள். பிறகு வெறும் மிஷினை மிதிக்கத் தொடங்கினாள். தைப்பதற்கு அல்ல, அழுவதற்கு...” என்று ஒரு பெண்குரல் உருகியது.

உள்ளறையில் தையல்காரியின் கால்கள் அப்படியே நின்றுவிட்டன.

இந்த உலகத்தில் ஒருத்தியிடம் மட்டுமே அவள் சொன்ன சங்கதி அது. மாமியார் வீட்டில் அவள் கொஞ்சம் உட்கார்ந்தால் போதும், “சும்மாதானே இருக்கே” என்று ஒரு வேலை வந்து மடியில் விழும். மிஷின் சத்தம் கேட்டால் மட்டும் யாரும் கூப்பிட மாட்டார்கள். அதனால்தான் மத்தியானத்தில் நூலை உருவிவிட்டுச் சும்மா மிதிப்பாள். சுவரில் நகரும் வெயிலைப் பார்த்துக்கொண்டிருப்பாள். சில நாள் கழுத்துப்பட்டிக்கு ஒரு புது வளைவு மனதில் தோன்றும். பல நாள் ஒன்றும் தோன்றாது. ஒன்றுமில்லாத அந்தப் பொழுதுதான் அவளுக்கென்று இருந்த ஒரே சொத்து.

அதைப் போய்த் தன் பள்ளித் தோழியிடம் சொன்னாள். தோழி தொடர்கதை எழுதுகிறவள். சட்டைக்கு அளவு கொடுக்க வந்தவள், “தினமும் விடிஞ்சதும் அதே நாற்காலியில போய் உக்காந்துடுவேன்டி. ஒரு வரி வரலைன்னாலும் எழுந்திருக்க மாட்டேன். அந்தப் பழக்கம்தான் எனக்குக் கதையைக் கொண்டுவந்து கொடுக்குது” என்றாள். நமக்கும் ஒரு கூட்டாளி கிடைத்தாள் என்ற பூரிப்பில் இவளும் மனதைத் திறந்துவிட்டாள். தோழியின் கண்கள் பளபளத்தன. அது அன்பு என்று நினைத்தாள், பாவம்.

வானொலிக் கதை அத்தோடு நிற்கவில்லை. அந்தக் கதாநாயகி, தன்னைக் கைவிட்டுப்போன பழைய காதலனை நினைத்து நினைத்து அழுதாள். எழுதியவர் என்று தோழியின் பெயரைச் சொன்னார்கள். வானொலி அணைந்தது.

“அம்மாடி, நூல் மாட்டியிருக்கியா?” மாமியாரின் குரல்.

“மாட்டியிருக்கேன், அத்தை.”

“இல்ல, உன் சிநேகிதி கதையில ஒருத்தி யாரையோ நெனச்சுக்கிட்டு ஓட்டறா. நீ யாரை நெனச்சு ஓட்டறே?”

மாமியார் ஒரு ஸ்டூலைக் கொண்டுவந்து அறைக் கதவுக்கு முட்டுக்கொடுத்தார். “இனிமே திறந்தே இருக்கட்டும். காத்து வரும்.”

சாயங்காலம் தோழி சிரித்த முகமாக வந்து நின்றாள்.

“கேட்டியாடி? எல்லாரும் அழுதுட்டாங்களாம்.”

“அது உன்கிட்ட மட்டும் சொன்னதுடி.”

“உன் பேரை எங்கயாவது சொன்னேனா?”

“பேரைச் சொல்லியிருந்தாக்கூட வேற எவளோன்னு சாதிச்சிருப்பேன். நூலைச் சொல்லிட்டியே. அந்த ஆளை எங்கேருந்துடி பிடிச்சே?”

“பின்ன, சுவரைப் பாத்துக்கிட்டு உக்காந்திருந்தாள்னு எழுதினா எவ கேப்பா?”

ரகசியத்தைத் திருடியதைக்கூடத் தையல்காரி பொறுத்திருப்பாள். அது போதாது என்று அதற்குள் ஒருவனைக் கொண்டுவந்து உட்கார வைத்துவிட்டாளே.

தோழி நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு குரலைத் தாழ்த்தினாள். “சரி, உன் மாமியார் என்ன சொன்னாங்க? அடுத்த வாரப் பகுதியை எழுத முடியாம அங்கதான் நிக்கிறேன்.”

பழகிப்போன வாய் தானாகத் திறந்தது. “அத்தை வந்து...” என்றவள் தோழியின் முகத்தைப் பார்த்தாள். கண்களில் அதே பளபளப்பு. இப்போது அது என்னவென்று விளங்கிவிட்டது. வாயை மூடிக்கொண்டாள்.

வெட்டி வைத்திருந்த தோழியின் சட்டைத் துணியைத் துண்டு விடாமல் மடித்து அவள் கையில் வைத்தாள்.

“வேற யார்கிட்டயாவது தைச்சுக்கோ.”

“கோவமா?”

“எனக்கு வேலை இருக்கு.”

வாசல்வரை போன தோழியை முன்னறையிலிருந்து மாமியார் பார்த்தார். “போயிட்டு வாம்மா. கதை ரொம்ப நல்லா இருந்துச்சு.”

அந்த நேரத்திலும் தோழியின் முகம் மலர்ந்தது. “நிஜமாவா அம்மா? எந்த இடம் பிடிச்சிருந்துச்சு?” என்று படியிலேயே நின்று திரும்பினாள்.

தையல்காரி ஸ்டூலை நகர்த்திவிட்டு அறைக் கதவைச் சாத்தினாள்.