பால் காய்ச்சிய கரவன்

காரில் கொழுவி இழுத்துப் போகிற சக்கர வீடுதான் கரவன். அதைப் பின்னால் எடுத்து, முகாமில் காட்டிய இடத்தில் ஒரே தடவையில் விடுவது எல்லோராலும் முடிகிற காரியமல்ல. பலர் முன்னும் பின்னுமாக இழுபடுவார்கள். அவர்களுடைய மனைவிமார் வெயிலில் நின்று கையை ஆட்டிக் கத்துவார்கள். மாலையில் பார்த்தால் அந்தக் குடும்பங்களில் ஆளோடு ஆள் பேச்சு இருக்காது. எனக்குப் பின்னால் யாரும் நின்று கை காட்டியதில்லை. தேவைப்படவில்லை. இரண்டு பக்கக் கண்ணாடியும் என் கண்ணும் போதும். சிட்னியில் என் வயதில் இப்படி விடக்கூடிய இன்னொரு தமிழனை நான் காணவில்லை.

நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். இந்த நாட்டுக்கு வந்து முதலில் கோப்பை கழுவினேன். பிறகு ஓர் இத்தாலியக் கிழவரிடம் டைல்ஸ் பதிக்கப் பழகினேன். பிறகு என் சொந்தப் பெயர் எழுதிய வேலை வான் வண்டி ஓடியது. வெஸ்ட்மீட், பரமட்டாப் பக்கம் எத்தனையோ வீடுகளில் குளிக்கிற அறையில் நிற்பவர்கள் என் கைவேலையின் மேல்தான் நிற்கிறார்கள். ஒரு சொட்டுத் தண்ணீர் அடுத்த அறைக்குப் போனதாக யாரும் எனக்குப் போன் எடுத்ததில்லை. அந்த உழைப்பில் வீடு கட்டினேன், பிள்ளையைப் படிப்பித்தேன், கடைசியில் கரவனும் வாங்கினேன். எங்கள் ஆட்களில் அப்போது கரவன் வைத்திருந்தவர் யாரையும் எனக்குத் தெரியாது. ஊர்வலம் மாதிரி வந்து பார்த்துவிட்டுப் போனார்கள்.

வாங்கிய கிழமையே கோயிலுக்கு இழுத்துக்கொண்டு போய்ச் சில்லுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து வாகன பூசை செய்தோம். அதோடு விட்டிருக்கலாம். உள்ளே ஏறிப் பார்த்த ஐயர், அடுப்பையும் கட்டிலையும் கண்டுவிட்டு, “இது வாகனமோ வீடோ?” என்று பகிடியாகக் கேட்டார். என் மனைவி அதைப் பகிடியாக எடுக்கவில்லை. வீடென்றால் பால் காய்ச்ச வேண்டும் என்று பிடிவாதமாக நின்றாள். அடுத்த வெள்ளிக்கிழமை எங்கள் டிரைவ்வேயில் நின்ற கரவனுக்குள் சாமிப்படம் வைத்து, விளக்குக் கொளுத்தி, அந்தச் சின்ன அடுப்பில் பால் பொங்க வைத்தோம். வந்தவர்கள் இரண்டு பேர் இரண்டு பேராக ஏறி ஆளுக்கு ஒரு வாய் குடித்துவிட்டு இறங்கினார்கள். எனக்குப் பெருமையில் தலை கூரையில் முட்டியது.

பால் காய்ச்சிய பிறகுதான் பிரச்சினை தொடங்கியது. அடுப்புக்கு நேர் எதிரே கழிவறை. இரண்டுக்கும் நடுவில் ஓர் ஆள் திரும்புகிற இடம்தான்.

“இஞ்சேருங்கோ, சாமிப்படத்துக்கு நேரை கக்கூசு. இதுக்கை நிண்டு நான் எப்பிடிச் சமைக்கிறது?”

“கதவு இருக்குதுதானே.”

“கடுதாசி மாதிரி ஒரு கதவு.”

“அப்ப என்ன செய்யச் சொல்லுறீர்?”

“பூட்டி விடுங்கோ.”

பூட்டினேன். பூட்டிய இடம் சும்மா கிடப்பானேன் என்று அவள் அதற்குள் அரிசிப் பையையும் வெங்காயத்தையும் பருப்பு டின்னையும் அடுக்கினாள். ஊரெல்லாம் குளியலறை செய்து கொடுத்தவனின் கரவனில் கழிவறை களஞ்சியமானது. எந்தக் கரவன் முகாமில் தங்கினாலும் நாங்கள் பொதுக் கழிவறைக்குத்தான் நடந்தோம். இருட்டினால் அவள் ரோச் லைட்டை எடுத்துக்கொண்டு வருவாள். அப்படித்தான் குவீன்ஸ்லாந்து வரை போனோம், அடிலெயிட் வரை போனோம். அவளுக்கு முழங்கால் வருத்தம் வந்த பிறகு அந்த நடை நீண்டுவிட்டது. ஒரு முறை மழைச் சேற்றில் சறுக்கி உட்கார்ந்துவிட்டாள். அதன் பிறகு கரவனைப் பற்றி நான் பேச்செடுத்தால், “இப்ப வேண்டாம்” என்பாள்.

பிறகு மெல்பேர்ணில் இருக்கும் மகளுக்குப் பிள்ளை பிறந்தது. கொஞ்ச நாள் நின்றுவிட்டு வருகிறேன் என்று மனைவி போனாள். அந்தப் பிள்ளை இப்போது பள்ளிக்கூடம் போகிறது. நான் சிட்னியில் என் வீட்டில் இருக்கிறேன். காலையில் எழும்பித் தேத்தண்ணி போட்டு, அதைக் கரவனுக்குள் கொண்டுபோய் வைத்துக் குடிப்பேன். வீடு பெரிது. கரவனுக்குள் ஒருவன் இருந்தாலே நிறைந்த மாதிரி இருக்கும்.

அவள் வராததற்குக் காரணம் கழிவறைதான் என்று நான் தீர்மானமாக நம்பினேன். ஆகவே கரவன் கண்காட்சி வந்தபோது முதல் ஆளாகப் போய் நின்றேன். கரவன் செய்கிற கம்பனி ஒன்று, பழைய கரவன் வைத்திருப்பவர்களைக் கூடாரத்துக்குள் கூப்பிட்டுக் கதிரையில் இருத்தி, தேநீரும் பிஸ்கட்டும் கொடுத்து, அடுத்த மாடலில் என்ன இருக்க வேண்டும் என்று கேட்டது. கேட்டவன் ஒரு வெள்ளைக்காரப் பெடியன். நாங்கள் சொல்லச் சொல்லக் கையிலிருந்த திரையில் தட்டிக்கொண்டிருந்தான்.

நெஞ்சு வரை தாடி வைத்த ஒருவர், பாரம் குறைய வேண்டும் என்றார். தன் கார் இழுக்காதபடியால் பாதிச் சாமானை வீட்டில் விட்டுவிட்டுப் போகிறாராம். இன்னொருவர் கூரை முழுவதும் சோலாரும் பெரிய பற்றரியும் கேட்டார். மனித வாடையே இல்லாத இடத்தில் ஒரு கிழமை ஏசி போட்டுக்கொண்டு படுக்க வேண்டுமாம். ஒரு புருஷனும் பெண்சாதியும் கட்டிலின் இரண்டு பக்கமும் நடக்க இடம் வேண்டும் என்றார்கள். இரவில் எழும்பினால் ஒருவர் மேல் ஒருவர் ஏறிக் கடக்க வேண்டியிருக்கிறது என்று அந்த அம்மா சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். மண் ரோட்டில் தூசி உள்ளே வரக்கூடாது என்பதில் மட்டும் கூடாரம் முழுவதும் ஒரே கட்சி.

எனக்குப் பக்கத்துக் கதிரையில் வயதான ஒரு பெண் தனியாக இருந்தார். அவர் கேட்டது ஒன்றே ஒன்று. காரையும் கரவனையும் கொழுவுகிற கொக்கி, ஒரு ஆள் தனியாகக் கொழுவக்கூடியதாக இருக்க வேண்டும். “அவர் இருந்தவரை அது அவருடைய வேலை” என்று சொல்லிவிட்டு பிஸ்கட்டைத் தேநீரில் நனைத்தார்.

என் முறை வந்தது. என் இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் படித்ததல்ல, வேலைத்தளத்தில் பொறுக்கியது. ஆனால் விளங்காமல் போனதில்லை. கழிவறையின் கதவு வெளிப்பக்கம் இருக்க வேண்டும், உள்ளேயிருந்து கதவே கூடாது என்றேன்.

பெடியன் தட்டுவதை நிறுத்தினான். “மழை பெய்தால்?”

“குடை பிடிக்கலாம்.”

கூடாரம் சிரித்தது. நான் சிரிக்கவில்லை. சாமிப்படத்தையும் பால் காய்ச்சியதையும் அவனுக்கு எப்படியோ விளங்கப்படுத்தினேன். கெட்டிக்காரன், பிடித்துக்கொண்டான். வெளிக்கதவு வைக்க முடியாது, ஆனால் இதைப் பாருங்கள் என்று புது மாடல் ஒன்றுக்குக் கூட்டிக்கொண்டு போனான். சமைக்கிற குசினி முன் முனையில், கழிவறை பின் முனையில், நடுவில் படுக்கை, இடையில் இரண்டு கதவுகள். ஏறுகிற படி தாழ்வாக, பிடித்து ஏறக் கைபிடியோடு இருந்தது. கழிவறை மூலைகளில் பூசியிருந்த பசையை விரலால் தடவிப் பார்த்தேன். குறை சொல்ல ஒன்றும் அகப்படவில்லை. அங்கேயே நின்று வீடியோவில் மனைவியைக் கூப்பிட்டேன்.

“இஞ்சேரும், பாரும். குசினி இஞ்சாலை. ரொய்லெட் எங்கையோ அங்காலை. சாமிப்படத்துக்கு இதிலை ஒரு தட்டு அடிச்சு விடுறன்.”

“ஓம், வடிவாய்த்தான் இருக்கு.”

“படியைப் பாரும். உம்மட முழங்காலுக்கெண்டே செய்த மாதிரி.”

“ஓம்.”

“அப்ப எப்ப வாறீர்?”

“அடுப்பிலை பால் வச்சனான், பொங்கப் போகுது. பிறகு எடுக்கிறன்.”

பிறகு எடுக்கவில்லை. அது சம்மதம் என்று நான் எடுத்துக்கொண்டேன். இல்லையென்றால் இல்லை என்று முகத்துக்கு நேரே சொல்கிறவள் அவள். பழைய கரவனைக் கொழுவிக்கொண்டு மெல்பேர்ணுக்கு வெளிக்கிட்டேன். அவளையும் ஏற்றிக் கடற்கரை ரோட்டால் ஒரு சுற்றுப் போய்விட்டு, திரும்பி வந்ததும் புதிய கரவனுக்கு முன்பணம் கட்டுவது என் திட்டம்.

மகளின் டிரைவ்வேயில் ஒரே தடவையில் விட்டேன். பார்த்துக்கொண்டு நின்ற மகள், “அப்பா, அங்கால தள்ளி விடுங்கோ, நாளைக்கு நான் வேலைக்குக் கார் எடுக்கவேணும்” என்றாள். 

மனைவி தேத்தண்ணியோடு கரவனுக்குள் வந்தாள். ஒரு கையில் கோப்பை, மறு கையால் கதவைப் பிடித்து, ஒவ்வொரு காலாக வைத்து ஏறினாள். நான் புது மாடலின் படங்களை மேசையில் விரித்தேன். அவள் ஒவ்வொன்றையும் பொறுமையாகப் பார்த்தாள். பிறகு அடுக்கி என் பக்கம் தள்ளினாள்.

“நான் வரேல்லையப்பா.”

“ரொய்லெட்தான் தூரத்திலை இருக்குதே.”

“ரொய்லெட்டுக்காக இல்லை.”

“பிறகு?”

“போற இடத்திலை நீங்கள் இறங்கினவுடனை பக்கத்துக் கரவன்காரனோட கதைக்கத் தொடங்கிடுவீங்கள். எப்பிடி வந்தனான், எப்பிடி உழைச்சனான், எப்பிடிப் பின்னாலை விடுறனான். நான் இதுக்கை நிண்டு சமைப்பன். பிறகு ரோச்சைப் பிடிச்சுக்கொண்டு உங்கட கதை முடியுமட்டும் நிப்பன். வீட்டிலையும் சமையல், றோட்டிலையும் சமையல். எனக்குக் கதைக்க ஒருத்தரும் இல்லை.”

“நான் இருந்தனான்தானே.”

அவள் சிரித்தாள். கோபச் சிரிப்பல்ல. “இஞ்ச எனக்கு ஆக்கள் இருக்கினம். செவ்வாய்க்கிழமை நடக்கப் போறம். வெள்ளிக்கிழமை கோயில்லை பாடுறம். என்னைப் பாடச் சொல்லிக் கேக்கினம்.”

அவள் பாடுவாள் என்பது எனக்குத் தெரியும். யாராவது அவளைக் கேட்பார்கள் என்று நான் நினைத்திருக்கவில்லை.

“சமையல்தான் பிரச்சினையெண்டால் நான் சமைக்கிறன்.”

“நீங்களோ? முட்டை பொரிக்கச் சட்டி எங்கையெண்டு சிட்னியிலை இருந்து போன் எடுத்தனீங்கள்.” கோப்பையை என் பக்கம் நகர்த்தினாள். “நீங்களும் இஞ்ச வந்து இருங்கோவன். மகளும் கேட்டவள்.”

“நான் கட்டின வீட்டை விட்டிட்டோ?”

“அதுதான் சொல்லுறன். நீங்கள் வீட்டையும் விடமாட்டீங்கள், றோட்டையும் விடமாட்டீங்கள். தேத்தண்ணி ஆறுது, குடியுங்கோ.”

சில நாள் நின்றுவிட்டுத் திரும்பினேன். வெளிக்கிடுகிற காலை அவள் கறிகளை டப்பாக்களில் போட்டு, எதை முதலில் சாப்பிட வேண்டும் என்று சொல்லி, கரவன் குளிர்ப்பெட்டியில் அடுக்கினாள். “மெல்லமாப் போங்கோ” என்றாள். கேற் வரைக்கும் வந்து நின்றாள். நான் முன்பக்கமாகவே வெளியே எடுத்தேன், அவளுக்குக் கை காட்ட ஒன்றும் இருக்கவில்லை.

சிட்னி ரோட்டில், ஓல்பரி என்ற ஊருக்குக் கிட்ட ஆற்றோரத்தில் ஒரு முகாமில் நிறுத்தினேன். பொழுது படுகிற நேரம். வழியில் ஒரு முடிவு எடுத்திருந்தேன். இனிமேல் இந்தக் கரவனில் அவள் சமைக்கப் போவதில்லை. அப்படியென்றால் கழிவறையைப் பூட்டி வைப்பதில் அர்த்தமில்லை. என் கரவன், என் கழிவறை. கதவைத் திறந்து அரிசிப் பையை இழுத்து வெளியே வைத்தேன். அவள் சமைப்பாள் என்று சிட்னியில் நான் வாங்கி வைத்த வெங்காயம் முளைவிட்டிருந்தது. பருப்பு டின்னுக்குப் பின்னால் அவளுடைய செருப்பும் ரோச் லைட்டும் இருந்தன. செருப்பின் அடியில் காய்ந்த சேறு, சறுக்கி விழுந்த இடத்துச் சேறு.

நிமிர்ந்தபோது சாமிப்படம் நேரே பார்த்துக்கொண்டிருந்தது. சாமான்களை ஒவ்வொன்றாகத் திரும்ப உள்ளே அடுக்கினேன், முளைவிட்ட வெங்காயத்தையும் சேர்த்து. ரோச் லைட்டை மட்டும் எடுத்துக்கொண்டு பொதுக் கழிவறைக்கு நடந்தேன்.

திரும்பி வரும்போது தண்ணீர்க் குழாயடியில் ஒருவர் வாளி நிரப்பிக்கொண்டு நின்றார். நான் கரவனை விட்ட விதத்தைத் தான் பார்த்ததாகவும், நல்ல கை என்றும் சொன்னார். அவ்வளவு போதும் எனக்கு. தொடங்கிவிட்டேன். கோப்பை கழுவியதிலிருந்து இத்தாலியக் கிழவர் வரை வந்து, வீடு கட்டிய கதைக்குள் போகும்போது அவர் நிரம்பிய வாளியைத் தூக்கினார். “என் மனைவி பார்த்துக்கொண்டிருப்பாள்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

கதையைப் பாதியில் வைத்துக்கொண்டு, ரோச் லைட்டைக் கையில் பிடித்தபடி, நான் குழாயடியில் கொஞ்சம் நின்றேன். போதும் வாங்கோ என்று சொல்ல யாரும் இல்லை.