பீருக்குப் போன என் நெல்

பெங்களூரில் பீர் காய்ச்சும் கடை ஒன்றில் என் தம்பிக்கு வேலை. போன அறுவடை முடிந்ததும் வந்தவன், "அக்கா, உன் நெல்லுல பில்ஸ்னர்னு ஒரு பீரு போடப் போறேன்" என்று சொல்லி, காரில் மூட்டையை ஏற்றிக்கொண்டு போனான். திருப்பாலைவனத்தில் என் நிலத்தைத் தேடிக் கார் வந்தது அதுதான் முதல் தடவை. எனக்குத் தலைகால் புரியவில்லை.

எங்கள் வீட்டில் புது நெல்லை அரைத்து வடித்தால் முதல் வாய் எனக்குத்தான். இந்த வருஷ அரிசிக்கு எவ்வளவு தண்ணீர் வைக்கணும், குழையுமா நிற்குமா என்று நான் சொன்ன பிறகுதான் மற்றவர்களுக்குத் தட்டு. பீரிலும் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன், பைத்தியக்காரி.

சித்திரையில் பாட்டில்களோடு வந்து நின்றான். வீட்டுக்குள் குடிக்கக் கூடாது என்பது மாமியார் சட்டம். அதனால் பழவேற்காடு ஏரிக்கரைக்கு, என் வீட்டுக்காரரின் மீன்பிடிக்கிற சிநேகிதரிடம் போனோம். "நீ எதுக்கு?" என்றார் வீட்டுக்காரர். நான் முதல் ஆளாகக் காரில் ஏறி உட்கார்ந்தேன்.

பீர் ஜில்லென்று இருக்கணுமாம். சிநேகிதரிடம் பெட்டி நிறைய ஐஸ் இருந்தது, அத்தனையும் இறாலுக்கு. "வியாபாரி வர்ற வரைக்கும் ஐஸைத் தொடக் கூடாது அண்ணி, இறால் தலை கறுத்துடும்" என்றவர், பாட்டில்களை வலைத்துண்டில் கட்டி, நண்டை உயிரோடு போட்டு வைக்கிற மாதிரி ஏரிக்குள் இறக்கிவிட்டார். முழங்கால் ஆழத் தண்ணீர், அந்த வெயிலில் குளிக்கக் காய்ச்சியது போலக் கிடந்தது. எடுத்துத் திறந்ததும் பாதி பீர் நுரையாகப் பொங்கி மணலுக்குப் போனது. தம்பி தலையில் அடித்துக்கொண்டான்.

மிச்சத்தையாவது ருசித்துக் குடித்தார்களா? பாட்டிலில் ஒட்டியிருந்த படத்தில் ஒரு படகு. நெற்கதிர் ஒன்றுகூட இல்லை.

"இன்னாபா இது, பாய்மரம் இங்கயா நிக்கும்? காத்தடிச்சா கவுந்துடும்" என்று படத்தில் விரலை வைத்துச் சிநேகிதர் ஆரம்பித்தார்.

"இது ஏரிப் படகே இல்லபா" என்றார் வீட்டுக்காரர், என்னவோ பிறந்ததிலிருந்து படகிலேயே கிடந்தவர் மாதிரி.

பேசிக்கொண்டே இரண்டு பேரும் மடக் மடக்கென்று விழுங்கினார்கள். வாய்க்குள் என்ன போகிறது என்று ஒருத்தருக்கும் கவலையில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"எனக்கும் ஊத்துடா."

"அக்கா, நீயா?"

"என் நெல்லுடா அது!"

தம்பி டம்ளரில் ஊற்றினான். வீட்டுக்காரர் ஏரியைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். வாயில் வைத்தேன். முதலில் பூ வாசனை, பின்னாலேயே வேப்பங்கொழுந்தைக் கடித்த மாதிரி கசப்பு. ஹாப்ஸ் என்று ஒரு பூவாம், அது மட்டும் வெளிநாட்டிலிருந்து வந்ததாம். இன்னொரு வாய் குடித்து, கண்ணை மூடிக்கொண்டு தேடினேன். கசப்புதான் இருந்தது.

"எங்கடா என் அரிசி?"

"அது தெரியாதுக்கா" என்றான் தம்பி, பெருமையாக. "அரிசி போட்டா பீரு லேசா இருக்கும். ஆனா இருக்குன்னே தெரியக் கூடாது. ஓனருக்கு ரொம்பப் புடிச்சுப்போச்சு. அடுத்த போகமும் தருவல்ல?"

"நல்லா இருக்குன்றான்ல, இன்னாத்துக்கு மூஞ்சியத் தூக்கி வச்சுக்கற?" என்றார் வீட்டுக்காரர்.

அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தது. நாற்று விட்டதிலிருந்து களம் கூட்டியது வரை சேற்றிலும் வெயிலிலும் நின்றவள் நான். டம்ளரை மணலில் வைத்துவிட்டு எழுந்தேன்.

"தர மாட்டேன்டா. சோறாக்கிப் போட்டா, கொழைஞ்சுபோச்சுன்னு திட்றதுக்காச்சும் வீட்ல ஒரு ஆளு இருக்குது."