ஜெமீலாவின் எட்டாவது மனு

பத்திரிகையில் எழுதுகிறவன் மனுவும் நன்றாக எழுதுவான் — எங்கள் பக்கத்தில் இப்படியொரு நம்பிக்கை. இறக்காமத்தில் இருக்கும் என் மனைவியின் சொந்தக்காரி ஜெமீலாவுக்கு ஏழு மனு எழுதிக் கொடுத்தேன். ஏழும் வீண்!

அவளுடைய மகள் ஹஸ்னா வயல் காவலுக்குப் போட்ட வாடிக் குடிசையில் பிறந்தவள். பிறப்பைப் பதிய வேண்டிய வாப்பா அந்தக் கிழமையே மௌத்தாக, ஜெமீலா விதவையானாள். பிறப்புப் பதிவு இல்லாமல் அடையாள அட்டை இல்லை, அதில்லாமல் ஓ.எல். பரீட்சை எழுதுவது எப்படி? ஒவ்வொரு அரசாங்கக் கந்தோரும் அடுத்த கந்தோரைக் கைகாட்டியது.

மூன்று வாரத்துக்கு முன் இறக்காமத்துப் பாடசாலையில் நடமாடும் சட்ட உதவி முகாம். எல்லாத் திணைக்களமும் ஒரே மண்டபத்தில் என்றார்கள். இரண்டு மாலை, நாலு போட்டோ... வேறென்ன நடக்கும்? எட்டாவது மனுவோடு கல்முனையிலிருந்து மோட்டார் சைக்கிளில் போனேன்.

சட்டத்தரணி இளம்பெண். என் மனுவை — அத்தனை அடுக்குமொழி! — ஓரமாக வைத்துவிட்டு ஜெமீலாவைப் பார்த்தார்.

"அக்கா, புள்ள பிறந்த அன்றைக்கு வேற என்ன நடந்தது?"

"யானை வந்த மிஸ், சுபஹு நேரம். வேளாமையெல்லாம் மிதிச்சி, வாடிக் கூரையையும் இழுத்துப் போட்டுட்டு. நான் புள்ளயோட உள்ளுக்குள்ள..."

ஏழு மனு எழுதினேனே, இதை ஒரு தடவையாவது கேட்டேனா?

பக்கத்து மேசையில் இருந்த கமநல உத்தியோகத்தர் நிமிர்ந்தார். "வாடி உடைஞ்சதா? அப்ப எங்கட பயிர் நட்டப் புத்தகத்துல இருக்கணுமே!"

ஆளே எழும்பிப் போனார். அரை மணித்தியாலத்தில் பழைய புத்தகமொன்றோடு வந்தார். திகதி இருந்தது. ஜெமீலாவின் கணவர் பெயர் இருந்தது. கீழே ஒரு வரி: 'வாடியில் தாயும் இன்று பிறந்த பெண் குழந்தையும். இருவரும் சுகம்.'

சுப்ஹானல்லாஹ்!

பிறகு புத்தகம்தான் மேசை மேசையாகப் போனது. கிராம சேவகர் உறுதிப்படுத்தினார். சட்டத்தரணி சத்தியக் கடதாசி தயாரித்தார். காலம் கடந்த பதிவுக்கான விண்ணப்பத்தைப் பதிவாளர் வாங்கிக்கொண்டார். ஜெமீலா கதிரையை விட்டு எழும்பவேயில்லை. பயந்துபோய், அண்ணன் முறையான என் காதில் கேட்டாள்:

"காக்கா, இன்னும் ஒருத்தரும் என்னை வேற இடத்துக்குப் போகச் சொல்லல்லயே?"

நேற்று போன் எடுத்தாள். "சேர்ட்டிபிக்கட் வந்திட்டு காக்கா! ஹஸ்னா சோதினை எழுதப் போறா." சொல்லிவிட்டு அழுதாள். நானும்தான்.

எட்டு மனு எழுதிய நான் எங்கே... மிதித்துவிட்டுப் போன அந்த யானை எங்கே!